கொழுக்கட்டைக் கதையில் அடி வேண்டுமா? (பாட்டி கதை சேகரிப்பு, பிள்ளைகளுக்குச் சொல்வது)

முத்துச்சரம் | ஜூன் 4, இரவு 9.12

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கதை நேரம் தொடங்குகிறோம். 4 முதல் 10 வயது வரை இருபது பிள்ளைகள். கடையில் விற்கிற கதைப் புத்தகம் வேண்டாம், சுற்றுவட்டாரப் பாட்டி தாத்தாக்களிடம் கேட்டு வாங்கிய கதைகளையே சொல்வது என்று முடிவு. சிக்கல் என்னவென்றால் கேட்கிற கதையில் பாதி அடிதடி. கொழுக்கட்டைக் கதையையே எடுங்கள். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன் அதன் பெயர் மறந்துவிடக் கூடாது என்று "கொழுக்கட்டை கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்கிறான். அதன் பிறகு வாயில் அதுதான் வருகிறது. வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்யத் தெரியாத மனைவியை அடிக்கிறான். "கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதும் "அதேதான்!" என்று குதிக்கிறான்.

இதை எதற்கு அப்படியே எழுதி வைக்க வேண்டும்? சேகரிக்கும்போதே வடிகட்டிவிட வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கரிசல்காடு | ஜூன் 4, இரவு 10.40

மறுக்கிறேன். வடிகட்டுவது சொல்லும்போது நடக்க வேண்டிய வேலை. எழுதும்போது கை வைக்கக் கூடாது.

ரெண்டு படி வையுங்கள். ஒன்று, பாட்டி சொன்னது சொன்னபடி. வசவு, அடி, சாதிப்பேர், நடுவில் "ஏட்டி அந்தக் கோழியை விரட்டு" என்றது வரைக்கும். அது பெட்டிக்குள் போகட்டும். மற்றது நீங்கள் சனிக்கிழமை சொல்வதற்கான குறிப்பு. அதில் என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஓரத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து உங்கள் குறிப்பைப் பார்க்கிறவர் அதைத்தான் பாட்டி சொன்ன கதை என்று நம்புவார்.

ஜெர்மன் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். 1812இல் முதல் தொகுதி. 1857இல் ஏழாம் பதிப்பு. முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். பிறகு அவள் மாற்றாந்தாய் ஆனாள். ராபன்ஸல் தன் உடை இறுக்கமாகிவிட்டதாகச் சொல்லும் வரி காணாமல் போனது, கர்ப்பக் குறிப்பு என்பதால். பிள்ளைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடிய கதை முதல் பதிப்போடு சரி. இத்தனையும் இன்று நமக்குத் தெரிவது எப்படி? முதல் பதிப்பும் 1810ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியும் தப்பிப் பிழைத்ததால். நீங்கள் ஊற்றிலேயே வடிகட்டினால் பின்னால் ஒப்பிட ஒன்றுமே இருக்காது.

நாஞ்சிலான் | ஜூன் 5, காலை 7.05

கிரிம்காரர்கள் ஊர் ஊராய் அலைந்து குடியானவர்கள் வாயிலிருந்து எழுதினார்கள், நாமும் அப்படிப் போவோம் மக்கா.

வேம்பார்க்காரி | ஜூன் 5, காலை 8.30

அவர்கள் ஊர் ஊராய் அலையவில்லை. ஜெர்மனியின் காஸல் நகரத்தில் அவர்கள் வீட்டுக்கு வந்து கதை சொன்னவர்களில் பலர் படித்த நடுத்தரக் குடும்பத்து இளம்பெண்கள். பக்கத்து மருந்துக்கடைக்கார வில்டு குடும்பம், ஹாசன்ப்ஃப்ளூக் குடும்பம். இரண்டாம் தொகுதிக்கு நிறையக் கதை கொடுத்த டோரதியா ஃபீமன் ஒரு தையல்காரரின் மனைவி. பிரான்சிலிருந்து குடிவந்த ஹுகனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்) வழியில் வந்தவர். "அசல் ஹெஸ்ஸன் வட்டாரக் குடியானவப் பெண்" என்பது அட்டைப்படத்துக்கு ஆகும்.

இதில் நமக்குள்ள வேலை: யார் சொன்னது என்பதை ஒழுங்காக எழுதுங்கள். ஒவ்வொரு கதைக்கும் ஒரு தாள். சொன்னவர் வயது, பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர் (இரண்டும் வேண்டும், பெண்கள் கதையைப் பிறந்த ஊரிலிருந்து சுமந்து வருகிறார்கள்), வீட்டில் பேசும் மொழி, யாரிடம் கேட்டது, எந்த வயதில் கேட்டது, கடைசியாக யாருக்குச் சொன்னார், பதிவின்போது பக்கத்தில் யார் யார் இருந்தார்கள். கடைசிக் கேள்வியை எல்லோரும் விட்டுவிடுவார்கள். மருமகன் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் கதை பாதியாகச் சுருங்கும். மாமியார் கதை, மருமகள் கதை எதுவும் வராது.

பெயர் போடலாமா என்று கேட்டு, பதில் பதிவிலேயே இருக்கட்டும். வேண்டாம் என்றால் ஊர்ச் சுருக்கமும் எண்ணும் போதும்.

கரிசல்காடு | ஜூன் 5, மதியம் 1.15

வீட்டு மொழி முக்கியம். கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம் ஏராளம். கதை தமிழில் நடக்கும், நடுவில் பாட்டு மட்டும் தெலுங்கில் வரும். அதைத் தமிழில் பெயர்த்துப் போடாதீர்கள். காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதி, கீழே அர்த்தம் எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் பாட்டைத் தெலுங்கிலேயே பாடுங்கள். அர்த்தம் தெரியாத பாட்டைத்தான் அவர்கள் முதலில் மனப்பாடம் பண்ணுவார்கள்.

முத்துச்சரம் | ஜூன் 5, இரவு 8.50

ரெண்டு படி யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "கதை சொல்லுங்க பாட்டி" என்றால் "எனக்கென்ன கதை தெரியும், நாங்கல்லாம் காட்டு வேலைக்குப் போனவங்க" என்றுதான் பதில். வற்புறுத்தினால் தெனாலிராமன், இல்லாவிட்டால் காக்கா வடை.

கரிசல்காடு | ஜூன் 5, இரவு 10.02

"கதை" என்று கேட்டாலே அவர்கள் பள்ளிக்கூடத்துக் கதையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பதிலாக இப்படிக் கேளுங்கள்:

பேரன் தூங்கலைன்னா என்ன சொல்வீங்க? மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும்போது என்ன பேசுவீங்க? குரங்குக்கு வால் போன கதை உங்க ஊர்ல எப்படி?

மூன்றாவது கேள்விதான் பலன் தரும். ஊரும் கதையும் சேர்த்துக் கேட்டால் "எங்க ஊர்ல அப்படி இல்ல" என்று தொடங்குவார்கள். அதற்கும் வழிக்கு வராவிட்டால் நீங்களே ஒரு கதையைத் தொடங்கி நடுவில் ஒன்றை மாற்றிச் சொல்லுங்கள். வேண்டுமென்றே. குரங்கு கத்திக்குப் பதில் அரிவாள் வாங்கியது என்று சொன்னால் போதும், ரெண்டு பேராவது திருத்த வருவார்கள். திருத்த வந்தவர் அடுத்த பத்து நிமிஷம் நிறுத்த மாட்டார்.

அழிப்பாங்கதையில் தொடங்குவதும் உண்டு. விடுகதை போட்டுப் போட்டு வாய் சூடான பிறகு கதை தானாக வரும். நேராகக் கதைக்குப் போகாதீர்கள்.

இடம்: கை வேலை நடக்கிற இடம். பீடி சுற்றுகிற திண்ணை, நிலக்கடலை உடைக்கிற முற்றம். வாய் சும்மா இருக்கிற வேலைதான் வேண்டும். புளி தட்டுகிற இடம் வேண்டாம், பதிவில் தட்டுகிற சத்தம்தான் கேட்கும்.

காசு: கதைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். ஒரு கதை மூன்றாகும், மூன்றாவது அங்கேயே பிறந்ததாக இருக்கும். ஆனால் பீடிக்காரரை அரைநாள் உட்கார வைத்தால் அரைநாள் கூலி கொடுத்துவிட வேண்டும். அதை அன்பளிப்பு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், அது அவருக்குச் சேர வேண்டிய பாக்கி.

ஊம்கொட்டி | ஜூன் 6, காலை 6.20

கேட்பவர் "ம்" கொட்டாவிட்டால் சொல்பவர் நின்றுவிடுவார். நகரத்திலிருந்து போகிறவர்கள் பதிவு கெடும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மூன்று வாக்கியத்தில் கதை "அப்புறம் ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்க" என்று முடிந்துவிடும். ம் கொட்டுங்கள், வாக்கியம் முடிந்த இடத்தில் மட்டும். அல்லது ஒரு குழந்தையைக் கூட அழைத்துப் போங்கள். குழந்தை இருந்தால் பாட்டு முழுதாக வரும், குரல் மாற்றிப் பேசுவது வரும், வசவு குறையும். ஆகவே முடிந்தால் இரண்டு முறை பதிவு செய்வது நல்லது: ஒரு முறை பெரியவர்கள் நடுவில், ஒரு முறை பிள்ளைகளோடு. முத்துச்சரம் கேட்ட வடிகட்டலைப் பாட்டி தானே எப்படிச் செய்கிறார் என்று இரண்டையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

வேம்பார்க்காரி | ஜூன் 6, காலை 9.00

பதிவுக் கருவி பற்றி யாரும் சொல்லாததால்.

போன் போதும். ஆனால் உள்ளே இருக்கும் மைக் போதாது. காலரில் குத்துகிற கம்பி மைக் ஒன்று வாங்குங்கள். வாயிலிருந்து ஒரு சாண் கீழே, தாலிச் சங்கிலி உரசாத பக்கம். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். பதிவு ஒலியை நசுக்காத வேவ் (WAV) கோப்பாக இருக்கட்டும், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. நிமிஷத்துக்கு 6 எம்பிக்குச் சற்றுக் குறைவு, மணிக்கு சுமார் 345 எம்பி. காப்பகத்துக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் 24 பிட். அது மோனோவில் மணிக்கு 520 எம்பி அளவு.

வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வாங்கிய கதை கேட்க ஆகும், காப்பகத்துக்கு ஆகாது. ஒலியை நசுக்கிவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், கோப்பு அப்படியே வரும்.

கெடுப்பவை, வரிசையாக: டிவி சீரியல், மேசை மின்விசிறி, குக்கர், வளையல், பக்கத்து வீட்டு மிக்சி. மின்விசிறியை நிறுத்தினால் சித்திரையில் யாரும் உட்கார மாட்டார்கள். சுழல விடாமல் ஒரே பக்கம் திருப்பி வையுங்கள். ஒரே சீரான இரைச்சலைப் பிறகு ஓரளவு குறைக்கலாம். வந்து வந்து போகிற இரைச்சலைக் குறைக்க முடியாது.

கோப்புப் பெயர்: ஆண்டு-மாதம்-நாள், ஊர்ச் சுருக்கம், சொன்னவர் எண், கதை எண். "பாட்டி கதை புதுசு 2" என்று வைத்தால் ஒரு மாதத்தில் உங்களுக்கே எது எது என்று தெரியாது. மூன்று இடத்தில் நகல், அதில் ஒன்று வேறு வீட்டில்.

நாஞ்சிலான் | ஜூன் 6, காலை 9.40

குக்கர் மூணாவது விசில் அடிச்சா ராஜகுமாரி ஏழாவது கடல்லயே நிப்பா. பாட்டி அடுப்ப அணைக்கப் போயிருவா.

முத்துச்சரம் | ஜூன் 6, இரவு 9.30

எழுதி எடுப்பதற்குக் குரல் தட்டச்சு பயன்படுத்தலாமா? ஒரு மணி நேரப் பதிவைக் கையால் எழுதினால் ஒரு நாள் போகிறது.

வேம்பார்க்காரி | ஜூன் 6, இரவு 10.15

போகத்தான் செய்யும். பேச்சுத் தமிழ், இரண்டு மூன்று குரல், நடுவில் பாட்டு என்றால் ஒரு மணிப் பதிவுக்கு ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

குரல் தட்டச்சைத் தேடு குறிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், எந்த நிமிஷத்தில் எந்தக் கதை என்று அறிய. மூலப் படிக்கு ஆகாது. "வந்தாளாம்" என்பதை "வந்தாள்" ஆக்கும். அந்த ஆம் போனால் சொல்பவர் தானே பார்த்ததாக ஆகிவிடும். அகராதியில் இல்லாத சொல் வந்தால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு சொல்லைப் போட்டு நிரப்பும். நாட்டார் கதையில் பிள்ளைகளுக்குப் பிடித்த இடமே அந்த அகராதியில் இல்லாத சொல்தான்.

கையால் எழுதும்போது: பாட்டு தனி வரியில். சைகை சதுர அடைப்பில் (கையால் யானைத் துதிக்கை காட்டுகிறார்). கேட்பவர் ம், சிரிப்பு, குறுக்குக் கேள்வி எல்லாம் ஓரத்தில். நிமிஷத்துக்கு ஒரு நேரக் குறி. யூனிகோடில் மட்டும். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் எத்தனையோ இன்று திறந்தால் பூச்சி பூச்சியாய் நிற்கின்றன.

ஊம்கொட்டி | ஜூன் 8, காலை 6.45

அடி பற்றிய மூலக் கேள்விக்கு வருகிறேன். இது கதை வகை அட்டவணையில் 1696, மடையன் சொன்ன சொல்லைத் தப்பான இடத்தில் சொல்வது. அதன் முடிவு

வேம்பார்க்காரி | ஜூன் 8, காலை 7.10

1687. மறந்துபோன சொல். 1696 என்பது "என்ன சொல்லியிருக்க வேண்டும்" வகை: ஒருவன் கல்யாண வீட்டில் சொல்ல வேண்டியதை இழவு வீட்டில் சொல்லி உதை வாங்குவான். இரண்டும் பக்கத்து வீடுதான், ஆனால் வேறு. நாட்டார் கதைகளை வகை பிரித்து எண் கொடுப்பது இது, ஆர்னே என்ற ஆய்வாளர் 1910இல் போட்டு, தாம்ஸன் விரித்து, 2004இல் ஊதர் புதுக்கிய அட்டவணை. மூவர் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து ஏடியூ (ATU) எண் என்பார்கள். நூலகத் தாளில் இந்த எண்ணையும் ஒரு மூலையில் எழுதுங்கள், தெரிந்தால் மட்டும்.

ஊம்கொட்டி | ஜூன் 8, காலை 7.25

சரி, 1687. அனுப்பும் பொத்தான் முந்திக்கொண்டது. சொல்ல வந்தது இது.

எந்தக் கதையிலும் மாற்றக் கூடாத ஆணி ஒன்றிரண்டுதான் இருக்கும். கொழுக்கட்டைக் கதைக்கு மூன்று: திரும்பத் திரும்பச் சொல்லும் சொல், தாவும்போது வாயிலிருந்து கழன்று விழும் சத்தம், கடைசியில் கொழுக்கட்டை வடிவத்தில் ஒரு வீக்கம். கதைக்கு வேண்டியது வீக்கம். அது அடியால்தான் வர வேண்டும் என்றில்லை. அத்திரிபாச்சா செய்யத் தெரியாத கோபத்தில் குதிக்கிறவன் திண்ணைத் தூணில் தலையை இடித்துக்கொள்ளட்டும். மனைவி எண்ணெய் தடவிக்கொண்டே "கொழுக்கட்டை கணக்கா வீங்கிருச்சே" என்று சொல்லட்டும். மடையன் தலையிலேயே வீங்குவதால் பிள்ளைகளுக்குச் சிரிப்பும் கூடுதல். ஏழு எட்டு வயதுக்கு மேல் மூல வடிவத்தையும் சொல்லி, "எது சரி?" என்று கேட்கலாம். பெரும்பாலும் "அவன் ஏன் எழுதி வச்சுக்கல?" என்பதுதான் பதிலாக வரும்.

ஆனால் எல்லாக் கதையும் இப்படி வளையாது. ராட்சசன் உயிர் ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் இருக்கிற கதையில் கிளி சாகத்தான் வேண்டும். "ராட்சசன் மனம் திருந்தினான்" என்று முடித்தால் பிள்ளைகள் இரவு தூங்க மாட்டார்கள், அவன் இன்னும் இருக்கிறானே! கிளியின் கழுத்தைத் திருகுவதை விவரிக்காதீர்கள், ஒரே வரியில் முடியுங்கள். பயத்துக்குக் காரணம் சாவு இல்லை, அதை நீட்டி நீட்டிச் சொல்வதுதான்.

நல்லதங்காள் போன்றவற்றைத் தொடாதீர்கள். ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிற கதை. அது கதைப்பாடல், பெரியவர்களுக்கானது. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. பாட்டி பாடினால் பதிவு செய்யுங்கள், சனிக்கிழமைப் பையில் வைக்காதீர்கள்.

நாஞ்சிலான் | ஜூன் 8, மதியம் 12.30

ஒரு ஐயம். எந்தக் கொழுக்கட்டை? எங்க பக்கம் திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. பனங்குருத்தோலைக்குள்ள மாவ வச்சுக் கட்டி அவிக்கணும், நீளமா வரும். அந்த மாதிரி வீங்கணும்னா தூணில்ல, உலக்கைதான் விழணும்.

கரிசல்காடு | ஜூன் 8, மதியம் 12.55

பிடி கொழுக்கட்டை. விரல் தடம் தெரியும். பூரணக் கொழுக்கட்டை என்றால் வீக்கத்துக்கு மேல் ஒரு குடுமியும் வேண்டும். சொல்லுகிற ஊரில் எது உண்டோ அது. பாட்டியிடமும் "எந்தக் கொழுக்கட்டை" என்று கேளுங்கள். கேலி இல்லை, இந்தக் கேள்விக்குப் பிறகு இன்னும் ரெண்டு கதை வரும்.

முத்துச்சரம் | ஜூன் 10, மாலை 6.10

முதல் சனிக்கிழமை முடிந்தது. பெரிய பிள்ளைகள் நன்றாகக் கேட்டார்கள். நான்கு வயதுக்காரர்கள் கிளிக் கதையில் மூன்றாவது கடலிலேயே எழுந்து போய் அலமாரியைப் பிரித்துவிட்டார்கள்.

ஊம்கொட்டி | ஜூன் 10, இரவு 8.00

நான்கு வயதுக்குக் கிளி வேண்டாம். அவர்களுக்குச் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்துப் போகிற தொடர் கதை, ஐந்து நிமிஷத்துக்குள். ஈ பெயர் மறந்த கதைதான் தொடக்கம். பல ஊரில் பல விதம், ஒன்று இப்படி:

கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா, இடையன் கைக் கோலே, கோல் இருக்கும் மரமே, மரத்தில் இருக்கும் கொக்கே, கொக்கு வாழும் குளமே, குளத்தில் இருக்கும் மீனே, மீன் பிடிக்கும் வலையா, வலையன் கைச் சட்டியே, சட்டி செய்யும் குயவா, குயவன் கை மண்ணே, மண்ணில் வளரும் புல்லே, புல்லைத் தின்னும் குதிரையே, என் பேர் என்ன?

குதிரை "ஈஈஈ" என்று கனைக்கும். ஈக்குப் பெயர் கிடைத்துவிடும்.

பதினான்கு கண்ணி. முதல் வாரம் குளம் வரை ஏழு, அங்கிருந்து நேராகக் குதிரைக்குத் தாவிவிடலாம். அடுத்த வாரம் மீதி ஏழு. ஒவ்வொரு கண்ணிக்கும் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதுதான் விளையாட்டு. ஏழு கண்ணி ஒரே மூச்சில் போகும், எட்டாவதில் மூச்சு வாங்குங்கள். வேகம் கூட்டிக்கொண்டே போய்க் குதிரைக்கு முன் சட்டென்று நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் கனைப்பு எடுபடாது. கனைப்பைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, குரங்கு வால் கதை. வால் போய் கத்தி வந்தது டும் டும் டும், கத்தி போய் விறகு வந்தது டும் டும் டும், விறகு போய் தோசை வந்தது, தோசை போய் மேளம் வந்தது. கையில் ஒரு தகர டப்பா போதும். நடுப் பொருட்களை மாற்றலாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம். முடிவு மட்டும் மேளமாகத்தான் இருக்க வேண்டும், முதல் வரியிலிருந்து டும் டும் அதைத்தான் அறிவித்துக்கொண்டு வருகிறது.

ஐந்து முதல் ஏழு வயதுக்கு விலங்குக் கதையும் மடையன் கதையும், ஏழெட்டு நிமிஷம். எட்டுக்கு மேல் கிளி, ராட்சசன், ஏழு அண்ணன்மார் தங்கை எல்லாம் கால் மணி நேரம் தாங்கும். ஒரே வட்டத்தில் எல்லோரும் இருந்தால் தொடர் கதை முதலில். சின்னதுகள் களைத்த பிறகு பெரிய கதை.

முத்துச்சரம் | ஜூன் 10, இரவு 9.20

இடையன், குயவன், வலையன். குரங்குக் கதையில் வாலில் குத்திய முள்ளை எடுக்கப்போய் வால் அறுக்கிறவர் நாவிதர். எங்கள் வட்டத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

கரிசல்காடு | ஜூன் 10, இரவு 10.30

இடத்துக்கு இடம் வேறு. ஈக் கதையில் யாரையும் இழிவாகச் சொல்லவில்லை. மேய்க்கிறவர் மேய்க்கிறார், சட்டி செய்கிறவர் செய்கிறார். அதை விடலாம் என்பது என் எண்ணம். குரங்குக் கதையில் நாவிதரைக் குரங்கு மிரட்டி ஏமாற்றுகிறது, அங்கே கேலி ஒட்டிக்கொள்ளும். கதைக்குக் கத்தி மட்டும் போதும். "முள்ளு எடுக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர்" என்று சொல்லிக் கடந்துவிடுங்கள். மடையன் கதைகளில் ஒரு சாதியையே மடையர்களாக வைத்துச் சொல்கிற வகை நிறைய உண்டு. அதில் சாதியை எடுத்துவிட்டால் கதைக்கு ஒரு நட்டமும் இல்லை. மூலப் படியில் மட்டும் எடுக்காதீர்கள். யார் யாரைக் கேலி பண்ணினார்கள் என்பதற்கு அது சாட்சி.

வேம்பார்க்காரி | ஜூன் 11, காலை 8.15

ஈக் கதையிலும் விடலாம் என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. கதையில் இழிவு இல்லை, சரி. கதை முடிந்து வெளியே போனதும் ஒரு பிள்ளையைப் பார்த்து மற்றவை அதே சொல்லால் கூப்பிட்டால்? சொல்பவர் தன் வட்டத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மாற்றுவதானால் கண்ணி அறாமல் மாற்ற வேண்டும், ஒரு வரியின் கடைசிச் சொல்லே அடுத்த வரியின் முதல் சொல். "இடையா" போனால் "இடையன் கை"யும் போகும். "தாயை மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே"?

நாஞ்சிலான் | ஜூன் 11, காலை 8.22

ஆயா மாடு மேய்க்கப் போயிட்டா பிள்ளையளுக்கு யாரு கதை சொல்லுவா?

ஊம்கொட்டி | ஜூன் 11, காலை 9.05

ஆளை விட்டுவிட்டுப் பொருளால் கட்டலாம். "கன்றின் தாயே, தாயைக் கட்டும் கயிறே, கயிறு கட்டிய மரமே, மரத்தில் இருக்கும் கொக்கே." இடையனும் கோலும் போய்க் கயிறு வந்தது. "மீனைப் பிடிக்கும் வலையே, வலைக்குப் பக்கத்துச் சட்டியே, சட்டி ஆன மண்ணே." பன்னிரண்டு கண்ணி ஆகிவிடும், நான்கு வயதுக்கு அதுவே மிகுதி. ஓரத்தில் மாற்றக் குறிப்பு எழுதிவிடுங்கள்.

முத்துச்சரம் | ஜூன் 13, இரவு 8.40

கயிறு நன்றாகப் போகிறது. அடுத்து, ஒரு பாட்டியிடம் பதினேழு கதை வந்தது. பாதிக்கு அச்சுக் கதை வாடை. "நீதி: பேராசை பெருநட்டம்" என்று முடிக்கிறார்.

வேம்பார்க்காரி | ஜூன் 13, இரவு 9.50

நீதி வரி ஒரு அறிகுறி. "வாழ்ந்து வந்தது", "கூறியது" என்று எழுத்துத் தமிழ் தலைகாட்டுவது இன்னொன்று. மூன்றாவது, சொல்பவர் நடுவில் எதையும் மறக்காமல், பாட்டே இல்லாமல், ஒரே சீராகச் சொல்லி முடிப்பது. அம்புலிமாமா 1947இல் வந்தது. இன்று எழுபத்தைந்து வயதுப் பாட்டி அதைப் படித்தே வளர்ந்திருக்கலாம். வாத்தியார் வாசித்துக் கேட்டிருக்கலாம். அதற்காகத் தள்ளாதீர்கள், "அச்சுவழி இருக்கலாம்" என்று குறித்து வையுங்கள். அச்சிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து அச்சுக்கும் போய் வருவது பழைய வழக்கம். ஆற்றைக் கடந்ததும் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒருவன் குறைகிறான் என்று அழும் மடையர் கதை ஊரெல்லாம் வாயில் இருக்கிறது. அதுவே 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையிலும் இருக்கிறது, மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்களோடு. காக்கா வடையும் அப்படித்தான். ஈசாப்பில் பாலாடைக்கட்டி. ஜாதகக் கதை ஒன்றில் நாவல் மரத்துக் காகத்தை நரி புகழ்ந்து பழம் வாங்கும்.

வாய்வழிதானா என்று பார்க்க வழி: ஒரு வாரம் விட்டு அதே கதையைத் திரும்பக் கேளுங்கள். மனப்பாடமாக ஒப்பித்தது எழுத்துக்கு எழுத்து அப்படியே வரும். வாய்க் கதையில் பேச்சு மாறும், பாட்டும் எண்ணிக்கையும் கடைசி வரியும் மாறாது.

கரிசல்காடு | ஜூன் 13, இரவு 10.30

அந்த மாறாத பகுதிதான் நீங்கள் சொல்லும்போது கையில் வைத்திருக்க வேண்டியதும். முழுக் கதையை எழுதி வைத்து வாசிக்காதீர்கள். அஞ்சலட்டை அளவில் ஒரு அட்டை. முதல் வரி அப்படியே. கண்ணிகள் அல்லது நிகழ்ச்சிகள் ஒற்றைச் சொல்லில், ஏழுக்கு மேல் வேண்டாம். பாட்டு முழுதாக. கடைசி வரி அப்படியே. முடிப்பு வழக்கம் இருந்தால் அதுவும்: கதையும் முடிஞ்சது கத்தரிக்காயும் காய்ச்சது. நடுவில் உள்ளதை அன்றன்றைக்கு வாய்க்கு வந்தபடி சொல்லுங்கள். "நீதி" வரியை அட்டையில் எழுதவே எழுதாதீர்கள். கத்தரிக்காய் வந்த பிறகு நீதிக்கு இடமில்லை.

முத்துச்சரம் | ஜூன் 15, காலை 7.30

சின்னதாக ஒரு தொகுப்பு அச்சிடலாம் என்று நூலகர் சொல்கிறார். பழைய தொகுப்புகளிலிருந்தும் சில கதை சேர்க்கலாமா?

வேம்பார்க்காரி | ஜூன் 15, காலை 8.40

கதைக்கு உரிமையாளர் இல்லை. ஒருவர் எழுதிய வாசகத்துக்கு உண்டு. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். நாட்டார் கதைகளைத் தொகுத்த பண்டித நடேச சாஸ்திரி 1906இல் இறந்தார், அவர் வாசகத்தை எடுக்கலாம். கி. ராஜநாராயணன் 2021இல் இறந்தார், அவர் தொகுத்து எழுதியதை 2081 முடியும் வரை அனுமதி இல்லாமல் அச்சிடக் கூடாது. அதே கதையை உங்கள் ஊர்ப் பாட்டி அவர் வாயால் சொன்னால் அது அவர் சொன்ன கதை, தாராளமாகப் போடலாம். ஆனால் நிகழ்த்துபவருக்கும் 50 வருஷ உரிமை உண்டு. பதிவு செய்த அன்றைய சம்மதம் அச்சுக்கும் சேர்த்தா என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அச்சானதும் முதல் படி சொன்னவருக்கு. அவருக்கு மட்டும் 16 புள்ளி எழுத்தில் தனியாக ஒரு படி எடுத்துக் கொடுங்கள். ஒலிப்பதிவைப் பேத்தி போனில் ஏற்றிக் கொடுங்கள்.

முத்துச்சரம் | ஜூன் 15, இரவு 9.00

நாளை பீடித் திண்ணைக்குப் போகிறேன். மைக் வந்துவிட்டது, ஆனால் கிளிப் சட்டைக் காலருக்கானது. சேலையில் நிற்காமல் சரிகிறது. முந்தானையோடு போய்விடுகிறது.

கரிசல்காடு | ஜூன் 15, இரவு 9.10

கிளிப்பைக் கழற்றிவிட்டு ஊக்கு குத்துங்கள். ரவிக்கைத் தோள் பக்கம், முந்தானை போடாத தோள். குத்துவதை அவரையோ கூட இருக்கிற பெண்ணையோ செய்யச் சொல்லுங்கள். ஒயரை முதுகுப் பக்கம் விட்டு, போனைப் பாயில் மடித்த துண்டு மேல் வையுங்கள். பீடித் தட்டு உரசினால் அதிர்வு பதிவில் விழும்.